பீட்டா பிளாக்கர்: நிறுத்துவதற்கும் டாக்டர் சீட்டு வேண்டிய மாத்திரை

கும்பகோணத்தில் மருந்துக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்க ஆரம்பித்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. பி.பி. மாத்திரை வாங்க வருகிறவர்களில் பலருக்கு அதன் பெயர் தெரியாது. "அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை தம்பி" என்பார்கள். "ரோஸ் கலர்ல, நடுவுல கோடு போட்டிருக்கும்" என்பார்கள். பழைய அட்டையைக் கையோடு கொண்டுவந்தால் பிழைத்தோம்.

போன ஐப்பசியில் ஒரு நாள், அடைமழை. மாதா மாதம் வருகிற ஓர் அம்மா குடையை மடக்கிக்கொண்டே கேஸ் மாத்திரை கேட்டார். என்ன செய்கிறது என்றேன். "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது தம்பி. நேத்து ராத்திரி தூக்கமே இல்ல. வாயுவாத்தான் இருக்கும்." பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்டேன். "அத நிப்பாட்டி நாலு நாளாச்சே. போன வாரம் பார்த்தப்ப 124/80 இருந்துச்சு. நார்மல் ஆயிடுச்சு, அப்புறம் எதுக்கு அதையும் சேர்த்து முழுங்கிக்கிட்டு?"

ஸ்டூலில் உட்கார வைத்து, ஐந்து நிமிடம் கழித்துக் கடையில் இருக்கிற மெஷினில் பார்த்தேன். 178/104. பல்ஸ் 112. கேஸ் மாத்திரை கொடுக்கவில்லை. அவர் மகனுக்குப் போன் போட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்ததில் மாரடைப்பு இல்லை. மாத்திரையை டாக்டர் மறுபடி ஆரம்பித்தார்.

அவர் நிறுத்தியது பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை. பி.பி.க்கான எந்த மாத்திரையையும் நாமாக நிறுத்தக் கூடாதுதான். ஆனால் இந்த வகையை நிறுத்தினால் உடம்பு பழைய நிலைக்குத் திரும்புவதோடு விடாது, அதையும் தாண்டி எகிறும். அது ஏன் என்று புரிந்துவிட்டால் இந்த மாத்திரையைப் பற்றிய மற்ற எச்சரிக்கைகள் எல்லாம் தானாகப் புரியும். நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். உங்களுக்கு எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று முடிவு செய்வது என் வேலை இல்லை. கையில் இருக்கிற மாத்திரையை எப்படி ஒழுங்காகச் சாப்பிடுவது என்பதை மட்டும் சொல்கிறேன்.

துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாத்திரை

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய்க்குள் அழுத்தம் கூட மூன்று வழி உண்டு. மோட்டார் வேகமாக ஓடலாம், குழாய் குறுகலாம், தண்ணீரின் அளவு கூடலாம். ரத்த அழுத்தமும் ஏறக்குறைய அப்படித்தான். இதயம் மோட்டார், ரத்தக் குழாய்தான் குழாய். அம்லோடிபின் போன்ற மாத்திரை குழாயைத் தளர்த்தும். சிறுநீரை அதிகம் பிரிய வைக்கும் மாத்திரைகள் தண்ணீரைக் குறைக்கும். பீட்டா பிளாக்கர் மோட்டாரின் வேகத்தைத் தணிக்கும்.

எப்படித் தணிக்கிறது? பயந்தாலோ, கோபப்பட்டாலோ, மாடிப்படி ஏறினாலோ உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. அதன் உறவுக்காரப் பொருளான நார்அட்ரினலின் நரம்பு முனைகளில் இருந்து வருகிறது. இதயத் தசையில் இவை வந்து உட்கார என்றே இருக்கைகள் உண்டு. அவற்றுக்குப் பீட்டா ஏற்பிகள் என்று பெயர். அட்ரினலின் வந்து உட்கார்ந்ததும் இதயம் வேகமாகவும் பலமாகவும் அடிக்கும். பீட்டா பிளாக்கர் என்ன செய்கிறதென்றால், டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதே வேலை. சீட்டில் துண்டு கிடக்கிறது. அட்ரினலின் ஏறி வந்து பார்க்கிறது, உட்கார இடம் இல்லை. இதயம் நிதானமாக அடிக்கிறது. சிறுநீரகத்திலும் இதே இருக்கைகள் இருக்கின்றன. அங்கே துண்டு போட்டால் ரெனின் என்ற பொருளின் சுரப்பு குறையும். ரெனின் குறைந்தால் ரத்தக் குழாயை இறுக்குகிற ஒரு தொடர் வேலை மந்தப்படும். பி.பி. இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி அந்த அம்மாவுக்கு நடந்ததைப் பார்ப்போம். எல்லா சீட்டிலும் துண்டு கிடந்தால் உடம்பு சும்மா இருக்குமா? வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பார்த்துவிட்டு, "சீட்டு போதவில்லை போல" என்று கூடுதலாகச் சில சீட்டுகளைப் போட்டுவிடும். ஏற்பிகளின் எண்ணிக்கை கூடிவிடுகிறது. மாத்திரை தினமும் உள்ளே போகும்வரை இதனால் தொல்லை இல்லை. திடீரென்று ஒரு நாள் நிறுத்தினால் எல்லாத் துண்டுகளும் ஒரே நேரத்தில் எடுபடுகின்றன. இப்போது பஸ்ஸில் முன்பைவிட அதிக சீட்டு. அதே அளவு அட்ரினலின் வந்தாலும் இதயம் இரண்டு மடங்கு மிரளும். படபடப்பு, வியர்வை, கை நடுக்கம், பி.பி. ஏற்றம் எல்லாம் வரும். இதயக் குழாயில் ஏற்கெனவே அடைப்பு இருப்பவருக்கு நெஞ்சு வலியும், மாரடைப்பும்கூட வரலாம். நிறுத்திய ஓரிரு நாளிலிருந்து இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து இருக்கிறது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்றவற்றின் விவரத்தாளில் இதைக் கட்டம் கட்டி எச்சரிக்கையாகவே அச்சிடச் சொல்லியிருக்கிறது.

டாக்டர் நிறுத்த நினைத்தாலும் ஒரேயடியாக நிறுத்தமாட்டார். ஒன்று இரண்டு வாரமாக, சில நேரம் அதற்கும் மேலாக, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் விடுவிப்பார். சீட்டு எழுதித்தானே ஆரம்பித்தார்? நிறுத்துவதற்கும் சீட்டு வேண்டும்.

பெயரின் வாலைப் பாருங்கள்

உங்கள் மாத்திரை இந்த வகைதானா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. அட்டையின் பின்பக்கம் கம்பெனி வைத்த பெயரோடு மருந்தின் உண்மைப் பெயரும் இருக்கும். அதன் வால் "லால்" என்று முடிந்தால் அநேகமாகப் பீட்டா பிளாக்கர்தான்: அட்டெனலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், நெபிவோலால், ப்ரொப்ரனலால், கார்வெடிலால், லாபெட்டலால்.

ஒரே வால் என்றாலும் எல்லாம் ஒரே குணம் கிடையாது. முதலில் சொன்ன நான்கும் பெரும்பாலும் இதயத்து சீட்டில் மட்டும் துண்டு போடும். ப்ரொப்ரனலாலுக்கு அந்தப் பாகுபாடு இல்லை, நுரையீரல் வரை போய்த் துண்டு போட்டுவிட்டு வரும். கார்வெடிலாலும் லாபெட்டலாலும் ரத்தக் குழாயையும் கொஞ்சம் தளர்த்தும், அதனால் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் இந்த இரண்டில் கிறுகிறுப்பு கூடுதல். உடம்பிலிருந்து வெளியேறும் வழியும் வேறு வேறு. அட்டெனலால் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது, மெட்டோப்ரோலாலைக் கல்லீரல் கரைக்கிறது. கிட்னி பழுதாகியிருப்பவர் அட்டெனலால் எடுத்தால் அளவைக் குறைக்க வேண்டிவரும். கிரியேட்டினின் ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டாமல் வைத்துக்கொண்டு பயனில்லை.

இதையெல்லாம் ஆரம்பித்து வைத்தவர் ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர். உடம்பில் இருக்கும் அட்ரினலின் இருக்கைகள் ஆல்ஃபா, பீட்டா என இரண்டு வகை என்று 1948இல் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் சொன்னபோது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிளாக் அதைப் பிடித்துக்கொண்டு 1960களில் ப்ரொப்ரனலாலைக் கொண்டுவந்தார். 1988இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர். அவர் நினைத்தது நெஞ்சு வலிக்கு மருந்து, பி.பி.க்கு அது உதவுவது பின்னால் தெரிந்தது.

நெஞ்சின் துடிப்பை அடக்குவதோடு இந்த மாத்திரை கை நடுக்கத்தையும் அடக்கும். குறி பார்க்கிற விளையாட்டுகளில் இதற்குத் தடை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியத் துப்பாக்கி வீரர் கிம் ஜோங்-சு ப்ரொப்ரனலால் சாப்பிட்டிருந்தது தெரிந்து, வாங்கிய இரண்டு பதக்கங்களையும் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. மேடைப் பயத்துக்கு இதைக் கேட்டு வருகிற கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு. சீட்டு இல்லாமல் கொடுப்பதில்லை.

"இது பழைய மருந்தாமே, இன்னுமா எழுதுறாங்க?"

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. நியாயமான கேள்விதான். ஒரு காலத்தில் பி.பி. என்றாலே அட்டெனலால் எழுதினார்கள். 2002இல் வெளியான லைஃப் ஆய்வில் அட்டெனலாலைவிட லோசார்ட்டன் எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் குறைவாக வந்தது. 2005இல் வந்த ஆஸ்காட் ஆய்வில் அம்லோடிபினை முன்வைத்த சிகிச்சை முந்தியது. 2006இல் பிரிட்டன் தன் வழிகாட்டுதலில் பீட்டா பிளாக்கரை முதல் வரிசையிலிருந்து இறக்கியது. பி.பி. மட்டும் இருக்கிறது, வேறு எதுவும் இல்லை என்றால் இப்போது பல டாக்டர்கள் டெல்மிசார்ட்டன், அம்லோடிபின், சிறுநீர் பெருக்கி மாத்திரை என்றுதான் தொடங்குகிறார்கள். அதேசமயம் ஐரோப்பிய ரத்த அழுத்தச் சங்கத்தின் 2023 வழிகாட்டுதல் பீட்டா பிளாக்கரையும் முக்கிய மருந்துகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. மருத்துவ உலகுக்குள்ளேயே கருத்து ஒன்றாக இல்லை.

பி.பி.யோடு நெஞ்சு வலி, பழைய மாரடைப்பு, இதயம் பலவீனமாகி விரிந்த நிலை, தாறுமாறான துடிப்பு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் கதை வேறு. அங்கே பீட்டா பிளாக்கர் இன்றும் முன்வரிசைதான். ஒற்றைத் தலைவலியைத் தடுக்கவும், தைராய்டு கூடிப் படபடப்பு வந்தாலும் எழுதுவார்கள். எனவே உங்கள் டாக்டர் இதை எதற்காக எழுதினார் என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பி.பி.க்கு என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அவர் இதயத்துக்காக எழுதியிருப்பார். மொபைலில் "பழைய மருந்து" என்று ஒரு வீடியோ பார்த்துவிட்டு மறுநாளே நிறுத்தியவரை நான் பார்த்திருக்கிறேன். மாற்றித்தாருங்கள் என்று கேட்கலாம், தப்பே இல்லை. நீங்களாக நிறுத்துவதுதான் தப்பு.

தினமும் எப்படிச் சாப்பிடுவது

ஒரே நேரம். காலை எட்டு மணி என்றால் தினமும் எட்டு மணி. மெட்டோப்ரோலாலைச் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட உடனே எடுப்பது வழக்கம். ஒரு நாள் வெறும் வயிற்றில், மறுநாள் சாப்பிட்டு என்று மாற்றி மாற்றிப் போட்டால் ரத்தத்தில் சேரும் அளவும் மாறும்.

மெட்டோப்ரோலாலில் ஒரு சிக்கல் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இது இரண்டு உருவில் வருகிறது. டார்ட்ரேட் என்று எழுதியிருந்தால் சீக்கிரம் கரைவது, பொதுவாக நாளுக்கு இரண்டு வேளை. சக்சினேட் என்றும் எக்ஸ்எல் அல்லது ஈஆர் என்றும் இருந்தால் நாள் முழுக்க மெல்ல மெல்லக் கரைவது, ஒரு வேளை. எழுதித் தந்ததற்குப் பதில் இன்னொன்றைக் கொடுத்தால் கணக்கே மாறிவிடும். மெல்லக் கரைகிற மாத்திரையை விழுங்க முடியவில்லை என்று கரண்டியால் பொடி செய்து தேனில் குழைத்துத் தருகிறவர்கள் உண்டு. வயதானவர்களுக்கு அப்படித் தருவது பாசத்தில்தான். ஆனால் 24 மணி நேரத்துக்குப் பிரிந்து சேர வேண்டிய மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும், தலைசுற்றி விழுவார்கள். கடிக்கக் கூடாது, பொடிக்கக் கூடாது. நடுவில் கோடு போட்ட மாத்திரையைப் பாதியாக உடைக்கலாமா என்பதைக் கடையில் கேட்டுவிட்டு உடையுங்கள், எல்லாக் கோடும் உடைப்பதற்காகப் போட்டதில்லை.

மறந்துவிட்டால்? நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் விட்டதை விட்டுவிட்டு, அடுத்ததை வழக்கம்போல் எடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடுகிற வேலை வேண்டாம். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து விட்டுப்போயிருந்தால் பழைய அளவிலேயே தொடரலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள், முக்கியமாக அளவு அதிகம் எடுப்பவர்கள்.

அட்டை தீர்ந்துபோவதுதான் பாதிப் பேர் மருந்து விட்டுப்போகக் காரணம். தீபாவளி, பொங்கல் நேரத்தில் நாலு நாள் கடை மூடியிருக்கும், டாக்டரும் ஊருக்குப் போயிருப்பார். கடைசி அட்டையில் ஐந்தாறு மாத்திரை இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறவர்கள், தன்னார்வலர் வரும் தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். அரசு மருந்து அட்டையில் கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் பெயர் மட்டும் இருக்கலாம். இதனால் ஒரு விபத்து நடக்கும்: அரசு அட்டையில் அட்டெனலால், தனியார் டாக்டர் எழுதிய அட்டையில் வேறொரு கம்பெனிப் பெயர். இரண்டும் வேறு மருந்து என்று நினைத்துக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று. இரண்டும் அட்டெனலால்தான். அம்லோடிபினோடு அட்டெனலால் சேர்ந்தே வரும் கூட்டு மாத்திரைகளிலும் இதே பிசகு நடக்கும். எங்கள் பெரியப்பாவுக்கே இப்படி ஆனது. பல்ஸ் 44க்கு இறங்கி, காலையில் சோர்ந்து திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டில் மருந்துக்காரன் இருந்தும்.

இன்னொன்று. மெட்டோப்ரோலாலும் மெட்ஃபார்மினும் "மெட்" என்றுதான் தொடங்குகின்றன. ஒன்று இதயத்துக்கு, இன்னொன்று சுகருக்கு. போனில் "அந்த மெட் மாத்திரை ரெண்டு அட்டை" என்று சொல்லாதீர்கள். முழுப் பெயர் சொல்லுங்கள், அல்லது அட்டையைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

பல்ஸ் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பி.பி. மெஷின் வாங்கியவர்கள் மேலே இருக்கும் இரண்டு எண்ணையும் பார்த்துவிட்டு மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள். பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்கு அந்த மூன்றாவது எண், பல்ஸ், அதே அளவு முக்கியம். மெஷின் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். உள்ளங்கை மேல்நோக்கி இருக்கட்டும். கட்டை விரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டின் ஓரப் பள்ளத்தில், மறு கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் லேசாக வையுங்கள். அழுத்திப் பிடித்தால் துடிப்பு காணாமல் போகும். கட்டை விரலால் பார்க்க வேண்டாம், அதற்கே சொந்தத் துடிப்பு உண்டு. கடிகார முள் ஒரு சுற்று முடியும்வரை எண்ணுங்கள்.

இந்த மாத்திரையில் 55, 60 என்று இருப்பது பலருக்கு இயல்பு, மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். 50க்குக் கீழே போனால் அடுத்த மாத்திரை போடும் முன் டாக்டருக்கு ஒரு போன். குறைந்த பல்ஸோடு மயக்கம், கண் இருட்டல், மூச்சுத் திணறல் இருந்தால் போனில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், 108.

பி.பி. பார்ப்பதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். முதுகுக்குச் சாய்மானம், தரையில் பாதம், காலுக்குமேல் கால் போடக் கூடாது, பேசக் கூடாது. சீரியலில் மாமியார் கத்திக்கொண்டிருக்கும்போது பார்த்த பி.பி. கணக்கில் சேராது.

அபாய மணியை அமுக்கிவிடும்

சுகர் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். இன்சுலின் போட்டாலோ, கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரை எடுத்தாலோ சில நேரம் சுகர் 70க்குக் கீழே இறங்கும். அப்போது உடம்பு அட்ரினலினை அனுப்பி எச்சரிக்கும்: நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். உடனே நாம் சர்க்கரையைத் தேடுவோம். பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்கு அந்த மணி சரியாக அடிக்காது, துண்டு கிடக்கிறதே. ஆனால் ஓர் அறிகுறி மிஞ்சும்: வியர்வை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்போது காரணமில்லாமல் நெற்றியும் பிடரியும் சில்லென்று வியர்த்தால், பசியோ குழப்பமோ சேர்ந்திருந்தால், சுகரைப் பாருங்கள். பார்க்க முடியாவிட்டால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

வீசிங், ஆஸ்துமா இருப்பவர்கள் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மூச்சுக்குழலைத் திறந்து வைப்பதும் பீட்டா இருக்கைகள்தான். ப்ரொப்ரனலால் போன்றவை அங்கேயும் துண்டு போட்டுவிட்டால் மூச்சு இறுகும், இன்ஹேலரும் சரியாகக் கேட்காது. யாரும் எதிர்பார்க்காத இடம் கண். கண் அழுத்த நோய்க்கு ஊற்றும் டிமோலால் சொட்டு மருந்தும் பீட்டா பிளாக்கர்தான், வால் அதே வால். கண்ணில் விட்ட சொட்டு மூக்கு வழியாக ரத்தத்தில் சேர்ந்து பல்ஸைக் குறைக்கும், வீசிங்கைக் கிளப்பும். கண் டாக்டரிடம் இதய மாத்திரையைப் பற்றியும், இதய டாக்டரிடம் கண் சொட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்ணின் உள் ஓரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் உடம்புக்குள் இறங்குவது குறையும்.

"அண்ணே, மூட்டு வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க"

இங்கேதான் மருந்துக் கடைக்காரனின் பொறுப்பு வருகிறது. டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் உப்பையும் தண்ணீரையும் உடம்பில் தேக்கிப் பி.பி.யை ஏற்றும். மாதக்கணக்கில் எடுத்தால் பி.பி. மாத்திரை போட்ட பலன் பாதி போய்விடும். மூக்கடைப்புக்கான சளி மாத்திரைகள் பலவற்றில் ஃபினைலெஃப்ரின் இருக்கிறது, அதுவும் பி.பி.யை ஏற்றக்கூடியது. வாங்கும்போதே "எனக்குப் பிரஷர் மாத்திரை ஓடுது" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

வெராபமில், டில்டியாசெம் இரண்டும் இதயத்தின் வேகத்தைத் தாங்களே குறைப்பவை. பீட்டா பிளாக்கரோடு சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். பீட்டா பிளாக்கரோடு குளோனிடின் என்ற இன்னொரு பி.பி. மாத்திரையும் எடுப்பவர் இரண்டில் எதையும் தானாக நிறுத்தக் கூடாது, பி.பி. தாறுமாறாக எகிறும். மனச்சோர்வுக்கான ஃப்ளூக்ஸெட்டின், பராக்ஸெட்டின் ஆகியவை கல்லீரலில் மெட்டோப்ரோலால் கரைவதைத் தடுத்து அதன் அளவை ஏற்றிவிடும். மனநல மருத்துவரிடம் போவதை மற்ற டாக்டரிடம் மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள், வெட்கம். மருந்துகளுக்கு அந்த வெட்கம் தெரியாது, உள்ளே போய் மோதிக்கொள்ளும்.

ஆபரேஷனுக்கு முன் "வெறும் வயிற்றில் வாங்க" என்பார்கள். அதனால் பீட்டா பிளாக்கரையும் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். காலை மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரோடு எடுக்க வேண்டுமா என்று மயக்க மருந்து டாக்டரிடம் கேளுங்கள், பெரும்பாலும் எடுக்கத்தான் சொல்வார். கர்ப்பம் தரித்தாலோ திட்டமிட்டாலோ உடனே சொல்லுங்கள். கர்ப்ப காலத்தில் லாபெட்டலால் பழகிய மருந்து, அட்டெனலாலைத் தவிர்ப்பார்கள்.

சொல்லத் தயங்கும் தொல்லைகள்

முதல் சில வாரம் அசதி இருக்கும். மாடி ஏறினால் கால் கனக்கும். கை கால் சில்லிட்டுப் போகும், மார்கழியில் கூடுதலாக. சிலருக்கு விசித்திரக் கனவுகள் வரும், ப்ரொப்ரனலாலிலும் மெட்டோப்ரோலாலிலும் அதிகம். பெரும்பாலும் உடம்பு பழகிவிடும்.

ஆண்கள் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. சிலருக்கு விறைப்புக் குறைவு வருகிறது. கவுண்டரில் நாலு பேர் நிற்கும்போது யார் கேட்பார்கள்? வீட்டில் கூடச் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். பி.பி.யும் சுகருமே அந்தத் தொல்லையைத் தரக்கூடியவை, மாத்திரைதான் காரணமா என்று பார்க்க வேண்டியது டாக்டர். காரணம் அதுதான் என்றால் வேறு மருந்துக்கு மாற்ற முடியும். ஆட்கள் இருக்கும்போது கேட்கக் கூச்சமாக இருந்தால் மத்தியானம் இரண்டு மணிக்கு வாருங்கள், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன்.

நெஞ்சு வலி, மயங்கி விழுதல், திடீரென்று மூச்சு வாங்குதல், ஓரிரு நாளில் காலில் வீக்கமும் எடையும் ஏறுதல், இவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. பேரப்பிள்ளை மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டால், ஒன்றுதானே என்று விடாதீர்கள். குழந்தைக்கு ஒன்றே அதிகம். அட்டையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஐப்பசி மழையில் வந்த அந்த அம்மா பொங்கலுக்குச் சென்னையில் மகள் வீட்டுக்குப் போனார். போன மறுநாள் அவர் மருமகன் எனக்குப் போன் செய்தார். மாத்திரை டப்பாவைக் கும்பகோணத்திலேயே மறந்துவிட்டு வந்துவிட்டாராம். என்னிடம் இருந்த சீட்டின் படத்தை அனுப்பினேன். பக்கத்துக் கடைக்குப் போய் நின்றுகொண்டு அவர் திரும்பக் கூப்பிட்டார். "இங்க மெட்டோப்ரோலால் 25ன்னு ஒண்ணு குடுக்கறாங்க சார், வாங்கிடட்டுமா?" நான் வாயைத் திறப்பதற்குள் போனுக்கு அந்தப் பக்கம் அம்மாவின் குரல் கேட்டது. "சக்சினேட்டு போட்டிருக்கான்னு பாருங்க மாப்பிள்ளை. எக்ஸ்எல் இல்லன்னா வாங்காதீங்க."